அமெரிக்க விடுதலை 250ஆம் ஆண்டு: பென்சில்வேனியா தழுவிய தமிழ்க் கண்காட்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனைவருக்கும் விழாக்குழுவின் வணக்கம்.

1776ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றது. அன்றிரவே ஜான் டன்லப்பின் அச்சகத்தில் அதன் ஏறத்தாழ 200 படிகள் அச்சாயின. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 26 என்று அறிகிறோம். மறுநாள் இந்தச் செய்தியை உலகுக்கு முதலில் சொன்ன பத்திரிகை எது என்று கேட்டால் பலர் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் பெயரைத்தான் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் அது ஹென்ரி மில்லர் என்ற புலம்பெயர்ந்த அச்சகர் பிலடெல்பியாவில் நடத்திவந்த ஜெர்மன் பத்திரிகை. ஜூலை 9 அன்று பிரகடனம் முழுவதையும் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அன்றைய பென்சில்வேனியா மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஜெர்மன் பேசுவோர். நாடு பிறந்த செய்தியைத் தங்கள் வீட்டு மொழியில் படிக்க அவர்கள் ஒரு வாரம்கூடக் காத்திருக்கவில்லை.

இந்த நிகழ்ச்சிதான் எங்கள் முயற்சிக்கு அடிப்படை. மாநில அரசு 2018ஆம் ஆண்டிலேயே தனி ஆணையம் அமைத்து 250ஆம் ஆண்டு விழாவுக்கான பணிகளைத் தொடங்கிவிட்டது. தமிழராகிய நாம் அந்த விழாவில் பார்வையாளராக மட்டும் நில்லாமல், ஜெர்மானியர் அன்று தம் மொழியில் செய்ததை நம் மொழியில் செய்து பங்கேற்க வேண்டும் என்று கருதி, தமிழும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த பயணக் கண்காட்சி ஒன்றையும், பிரகடனத்தின் புதிய தமிழ் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றையும் உருவாக்கி வருகிறோம். ஒரு தொகுதிக்கு 12 பலகைகள் வீதம் மூன்று தொகுதிகள் 2026 ஜூலை முதல் வாரத்தில் புறப்பட்டு, ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு பொது நூலகத்தில் இரண்டு வாரம் தங்கி, 2027 மே மாத இறுதிக்குள் 67 கவுண்டிகளையும் சுற்றி முடிக்கும். தமிழர்கள் செறிந்து வாழும் எக்ஸ்டன், மெக்கானிக்ஸ்பர்க், பிட்ஸ்பர்க் பகுதிகளோடு நிறுத்திக்கொண்டால் செலவு பாதியாகும் என்று சிலர் சொன்னார்கள். ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லாத கவுண்டியின் நூலகத்தில் தமிழ் எழுத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பதும் இந்தப் பணியின் பயன்தான் என்பதால் அந்த யோசனையைக் குழு ஏற்கவில்லை.

பலகைகளில் இடம்பெறுபவை எவை என்பதை நன்கொடையாளர்கள் முன்கூட்டியே அறிவது நல்லது. முதல் ஐந்து பலகைகள் பிலடெல்பியாவில் 1776 ஜூலையில் நடந்தவற்றைச் சொல்கின்றன. ஜெபர்சன் வரைவை எழுதிய வாடகை அறைகளையும், அங்கே அவருக்குப் பணிவிடை செய்த ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற இளைஞர் அடிமையாகவே இருந்தார் என்பதையும் ஒரே பலகையில் வைத்திருக்கிறோம். ஆறாவது பலகை, ஆங்கிலேயப் படை நெருங்கியதும் 1777 செப்டம்பரில் காங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டு வெளியேறி, லங்காஸ்டரில் ஒரே ஒரு நாள் கூடிவிட்டு யார்க் நகருக்குச் சென்றதையும், இன்று விடுதலை மணி என்று போற்றப்படும் மணி அலென்டவுன் தேவாலயம் ஒன்றின் தரைக்கடியில் ஒளித்து வைக்கப்பட்டதையும் கூறுகிறது.

அந்த மணியை ஒளிக்க வைத்த படையின் ஒரு பிரிவை நடத்திக்கொண்டு செப்டம்பர் 26 அன்று நகருக்குள் நுழைந்தவர் கார்ன்வாலிஸ். நான்கு ஆண்டுகளுக்குப் பின் யார்க்டவுனில் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, திப்புவைத் தோற்கடித்து, 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் சேலம் பகுதியின் பாரமகாலையும் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அவருடைய பெரிய பளிங்குச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். பிலடெல்பியாவின் கதையும் திண்டுக்கல்லின் கதையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்திக்கின்றன. எட்டாவது பலகை இதற்காகவே.

ஒன்பதாவது பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் இதைக் கேட்ட குழந்தைகள் எல்லாரும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். ஆங்கிலேயரை இன்னொரு மூலையில் எதிர்த்து நின்றவர் என்ற வகையில் ஹைதரின் பெயர் அமெரிக்கருக்கும் பழக்கமாயிற்று. 1782இல் டெலவேர் வளைகுடாவில் வணிகக் கப்பல்களைக் காக்கப் பென்சில்வேனியா அரசு ஒரு போர்க்கப்பலைத் தயார் செய்தபோது, அந்தக் கப்பல் தாங்கியிருந்த பெயர் 'ஹைதர் அலி'. ஜோஷுவா பார்னி என்ற இளம் தலைவரின் கீழ் அது ஏப்ரல் 8 அன்று தன்னைவிட வலிமை வாய்ந்த 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலை எதிர்கொண்டது. தான் அடுத்து உரக்கச் சொல்லப்போகும் கட்டளைக்கு நேர்மாறாகச் சுக்கானைத் திருப்பு என்று பார்னி சுக்கான் பிடித்தவரிடம் முன்பே ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தாராம். கட்டளையைக் காதில் வாங்கிய எதிரிக் கப்பல் அதற்கேற்பத் திரும்பிச் சிக்கிக்கொண்டது; அரை மணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது. வேலு நாச்சியாருக்கு ஆதரவளித்த ஹைதரின் பெயர் இந்த மாநிலத்தின் கப்பலில் இருந்தது என்பது நமக்குப் பெருமை தரலாம். ஆனால் அதே 1780இல் ஹைதரின் குதிரைப்படை ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்களை எரித்துப் பாழாக்கியதும் உண்மை. விழாவுக்கு உவப்பில்லை என்று அதை விட்டுவிடாமல் பலகையின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறோம்.

மொழிபெயர்ப்பு வேலை நாங்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. பறிக்கவும் முடியாத, நாமே விரும்பினாலும் பிறருக்குக் கொடுத்துவிடவும் முடியாத உரிமை என்பதை ஒரே சொல்லில் அடக்கப் பார்த்து, இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தபின், 'நீங்கா உரிமை' என்பதில் வந்து நின்றோம். 'மகிழ்ச்சி நாட்டம்' என்பதா 'இன்ப நாட்டம்' என்பதா என்ற வாதம் இன்னும் முற்றிலும் அடங்கவில்லை. இவற்றைவிடச் சங்கடமான இடம் ஒன்று உண்டு: அரசர்மீதான குற்றச்சாட்டுகளின் முடிவில் இம்மண்ணின் பூர்வகுடிகளை 'இந்தியர்' என்றும் இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்றும் பிரகடனம் ஏசுகிறது. 'இந்தியர்' என்று அப்படியே போட்டால் தமிழ்க் குழந்தை தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கும். மென்மையாக்கினால் மூலத்துக்குத் துரோகம். எனவே 'பூர்வகுடியினர்' என்று எழுதி, வசைச்சொல்லை மாற்றாமல் வைத்து, அடிக்குறிப்பில் விளக்கம் தந்துள்ளோம்.

இனிச் செலவுக்கு வருகிறோம். மொத்த மதிப்பீடு 36,000 டாலர். தாங்கியோடு சேர்த்து ஒரு பலகைக்கு 210 டாலர் வீதம் 36 பலகைகளுக்கு 7,560 டாலர் ஆகிறது. நூலை 4,000 படிகள் அச்சிட 9,000 டாலர் வேண்டும். அது நூலகங்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசமாகவே தரப்படும். ஈரி முதல் பிலடெல்பியா வரை பலகைகளைக் கொண்டு செல்லும் வண்டிச் செலவும் காப்பீடும் 10,500 டாலர்; இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொகை. எஞ்சியது, செய்திகளைச் சரிபார்க்கும் வரலாற்று ஆய்வாளர்களுக்கான மதிப்பூதியம், தமிழ்ப் பள்ளி மாணவர்கள் யார்க் நகருக்குச் சென்றுவரும் பேருந்துகள், பிரகடனம் பொதுமக்கள் முன்னிலையில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட ஜூலை 8 அன்று மாலையில் நாம் நடத்தவிருக்கும் தமிழ் வாசிப்பு ஆகியவற்றுக்கானது. இதுவரை 11,400 டாலர் சேர்ந்துள்ளது. இன்னும் 24,600 டாலர் தேவை.

ஒரு தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதலில் அச்சாகி வந்த மாதிரிப் பலகைகள் இரண்டில் தமிழ் எழுத்துகள் சிதைந்திருந்தன; 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவில், கால் அடுத்த வரியில் என்று பிரிந்து கிடந்தது. எழுத்துருவை உட்பொதிக்காமல் கோப்பை அனுப்பியது எங்கள் பிழை. அந்த இரண்டு பலகைகளின் செலவைக் குழுவினரே தங்கள் கையிலிருந்து கொடுத்துவிட்டோம். நன்கொடைப் பணம் தொடப்படவில்லை.

210 டாலர் தருபவர் ஒரு முழுப் பலகையை ஏற்கிறார். நூலகம் ஒன்றுக்குப் பத்துப் படிகள் கொடுக்க 22 டாலர் 50 சென்ட் போதும். ஒரு தொகுதியை அடுத்த கவுண்டிக்குத் தம் வண்டியில் ஏற்றிச் செல்ல முன்வருபவர்களின் உதவியைப் பணத்துக்கு இணையாகவே மதிக்கிறோம். பன்னிரண்டு பலகைகளும் ஒரு மினிவேனின் பின்பகுதியில் அடங்கும். எந்தப் பலகையிலும் நன்கொடையாளர் பெயர் வராது. விரும்புவோர் பெயர்கள் மட்டும் நூலின் கடைசிப் பக்கத்தில், தொகையைக் குறிக்காமல், அகர வரிசையில் அச்சாகும்.

நன்கொடைகள் வரிவிலக்குப் பெற்ற தமிழ்ப் பள்ளி ஒன்றின் தனிக்கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் ரசீது உண்டு; வரவு செலவு விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். கண்காட்சி முடிந்தபின் பணம் மிஞ்சினால் அது நூலின் இரண்டாம் பதிப்புக்குப் பயன்படும். பலகைகள் ஜூன் 10க்குள் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால், மே 31க்குள் தங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியிலுள்ள குழு உறுப்பினரிடம் காசோலையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தக் கவுண்டியின் நூலகத்துக்கு உங்கள் பங்கு போக வேண்டும் என்ற விருப்பம் இருந்தால், காசோலையின் குறிப்பு வரியில் அந்தக் கவுண்டியின் பெயரை எழுதுங்கள்.

இங்ஙனம்,
விழாக்குழுவினர்