வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த ஒட்டுத் துண்டு விஷயமா

நம்ம கடைக்கு வர்ற அண்ணன்மார், அக்காமார், கீழக்கரை காக்காமார், லாத்தாமார் எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

நாலு நாளா வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்திக்கிட்டு இருக்கு, உங்கள்ல பாதிப் பேருக்கு வந்திருக்கும். தேவிபட்டினத்துல ஒரு வீட்டு அடுப்படித் தரையில ஒட்டியிருந்த வினைல் ஷீட்டு, அதாவது பிளாஸ்டிக் தரை விரிப்பு, கிழிஞ்ச இடத்துக்கு நாங்க வச்சு ஒட்டுன துண்டு கலர் வேறயா தெரியுது, வேலையையும் இழுத்தடிச்சு, மட்டமான ஷீட்டை ஒட்டி ஏமாத்திட்டாங்கன்னு. லேட் பண்ணிட்டாங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா பேசாம இருந்திருப்பேன். ஏமாத்திட்டாங்கங்குற வார்த்தைதான் தூங்க விடல.

அது அதே ரோல்ல வெட்டுன துண்டுங்க. 4 வருசம் முன்னாடி அந்த வீட்டுக்குப் போட்டப்ப மிஞ்சுனதை பில் நம்பர் எழுதி கடைப் பரண்ல வச்சிருந்தோம், அதைத்தான் எடுத்துட்டுப் போனோம். தரையில கெடந்த ஷீட்டு அத்தனை வருசமும் கிழக்கு ஜன்னல் வெயிலை வாங்கியிருக்கு, பத்தாததுக்கு சிங்க் முன்னாடி ரப்பர் மேட் கெடந்த இடம் மஞ்சளா கறை ஏறிப்போச்சு, ரப்பர்ல இருக்குற கெமிக்கல் வினைல்ல இறங்கிட்டா எதைப் போட்டு தேச்சாலும் போகாது. பரண்ல இருந்த துண்டு வெயிலே பாக்கல. ரெண்டையும் பக்கத்துல வச்சா வேற கம்பெனி மாதிரிதான் இருக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட வச்சுக் காட்டியிருக்கணும், காட்டல. அது எங்க தப்பு, மன்னிச்சிருங்க. ஆனா ஏமாத்தல.

வேலையிலயும் குறை வைக்கல. சிலிண்டரை இழுத்ததுல ஒரு முழத்துக்கு கிழிசல். புதுத் துண்டை அதுமேல வச்சு, டைல்ஸ் டிசைன் கோட்டோட கோடு சேர்ற மாதிரி நகத்தி டேப் போட்டு, ஸ்டீல் ஸ்கேல் பிடிச்சு புது பிளேடால ரெண்டு ஷீட்டையும் ஒரே வெட்டா வெட்டுனோம், அப்பதான் ஓட்டையும் துண்டும் ஒரே அளவு வரும், கோட்டு மேலயே வெட்டுனா ஜாயிண்ட்டும் தெரியாது. பழசை சூடு காட்டி உரிச்சா கீழ சிமெண்ட் தரையில உப்பு வெள்ளையா பூத்திருக்கு. கடலோரத்து வீடு, ஐப்பசி மழை வேற. ஓதம் இருக்கான்னு பாக்க பாலிதீன் கவரை விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டிட்டு வந்தோம், மறுநாள் பாத்தா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. அந்த ஓதத்துமேல பசை தடவுனா பொங்கல் வரைக்கும்கூட தாங்காது. அதான் ஃபேன் போட்டு காயவிட்டு, உப்பையும் பழைய பசையையும் சுரண்டி எடுத்துட்டு, நாலாவது நாள் ஒட்டி மேல பலகையும் அரிசி மூட்டையும் வச்சு ஒரு நாள் விட்டோம். இதைத்தான் இழுத்தடிச்சாங்கன்னு சொல்றாங்க.

மிச்சத் துண்டு உங்க வீட்லயே இருந்தா மடிச்சு வைக்காதீங்க, மடிப்பு போகாது, டிசைன் வெளிப்பக்கம் வர்ற மாதிரி சுருட்டி வைங்க.

மெசேஜைக் கேட்டுட்டு உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினத்துல இருந்தெல்லாம் போன் பண்ணி “நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க”ன்னு சொன்னீங்களே, அதை மறக்க மாட்டேன். ஒரு லாத்தா கடைக்கே வந்து உக்காந்து பேசிட்டுப் போனாங்க. உங்களாலதான் இந்தக் கடை நிக்குது.

11 வருசமா நம்மகிட்ட இருந்த ஃபிட்டர் தம்பி துபாய் போயிட்டதால ஒட்டு வேலைக்கு இனிமே சனிக்கிழமை மட்டும் வருவோம், போக்குவரத்துக்கு 300 ரூபா, பாம்பன் தாண்டுனா 500.

தேவிபட்டினம் அக்கா, அதே டிசைன் இன்னும் கொஞ்சம் இருக்கு. சிங்க் முன்னாடி செவுத்துல இருந்து செவுரு வரைக்கும் ஒரே பட்டையா மாத்தித் தர்றேன், வித்தியாசம் இந்தளவுக்கு கண்ணை உறுத்தாது. கூலியும் வேணாம், வண்டிக் காசும் வேணாம். வர்ற சனிக்கிழமை காலையில நானே வர்றேன், அந்த ரப்பர் மேட்டை மட்டும் இப்பவே எடுத்துருங்க.