மன்னார் வளைகுடா வரை போக முடியாத என் மகளுக்காக

பழைய நாவல்களை மலிவுப் பதிப்பாக அச்சிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எட்டாவது படிக்கும் என் மகளுக்கு, உங்களில் ஒருவர் போட்ட, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் 'கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்' ஆங்கிலப் பதிப்பை வாங்கித் தந்தேன். பின்னட்டையில் 'முழுமையான பதிப்பு' என்றிருக்கிறது. மொழிபெயர்த்தவர் பெயர் எங்கும் இல்லை. 46ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தவள் பிறகு தொடவேயில்லை. "எனக்குத்தான் புரியலப்பா" என்றாள். அது எனக்குத் தாங்கவில்லை.

நானும் மூன்று இரவு முட்டி மோதினேன். அப்புறம் எஃப். பி. வால்டரின் 1991 முழு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் அச்சிட்டிருப்பது 1872இல் பாதிரியார் மெர்சியர் செய்தது. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டியது. மீன்கள், அறிவியல் விளக்கங்கள் பலவும் போய்விட்டன. நெப்ராஸ்காவின் 'பேட்லேண்ட்ஸ்' கரட்டு நிலம், 'விரும்பத்தகாத நெப்ராஸ்கா பிரதேசம்' என்று நிற்கிறது. உங்களுக்கு இது தெரியாததல்ல. 1960களிலேயே அமெரிக்கப் பேராசிரியர் வால்டர் ஜேம்ஸ் மில்லர் எடுத்துச் சொல்லிவிட்டார்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். என் தாத்தா சங்கு குளித்தவர். நாவலில் மன்னார் வளைகுடா வருகிறது. கால்களுக்கிடையே கல்லைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏழை முத்துக் குளிக்க இறங்குகிறான். அவனைச் சுறா தாக்கும்போது, கதையின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் கேப்டன் நீமோ கத்தியோடு பாய்கிறார். அவனுக்கு மூச்சு திரும்பியதும் கையில் ஒரு பை முத்தைக் கொடுக்கிறார். ஒடுக்கப்பட்ட மண்ணைச் சேர்ந்தவன் அவன், நானும் அப்படித்தான் என்று பிறகு சொல்கிறார். என் மகள் அங்கே போய்ச் சேரவே இல்லை.

அந்த நீமோ நம் நாட்டுப் புந்தேல்கண்டு இளவரசர் என்பது வெர்னின் இன்னொரு நாவலான 'மர்மத் தீவி'ல்தான் தெரியவரும். அதன் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அவருடைய கடைசிப் பேச்சில் கை வைத்தார்கள். வெட்டுவதும் மாற்றுவதும் அவர்கள் காலத்து வேலை என்றால், அதையே இன்றும் முழுசு என்று விற்பது யார் வேலை? பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். வாசிக்க வந்த பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: மொழிபெயர்த்தவர் பெயரையும் ஆண்டையும் முதல் பக்கத்தில் போடுங்கள். வெட்டியதை முழுமையானது என்று சொல்லாதீர்கள். முடிந்தால் அடுத்த அச்சில் முழு மொழிபெயர்ப்பையே கொண்டுவாருங்கள். அதுவரை, தயவுசெய்து, அந்தப் பின்னட்டை வரியையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்