கடைசிச் செலவுக் கணக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போனில் எங்கள் சாவுச் செலவைப் பற்றிப் பேச்செடுத்தாலே "வேற ஏதாவது பேசும்மா" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நியூஜெர்சியில் இருக்கிறாய், நாங்கள் சென்னையில். அந்த நேரத்தில் போனை எடுத்து நாலு பேரிடம் பேச வேண்டியவள் நீதான். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இழவு வீட்டில் யாரும் விலை கேட்பதில்லை. கேட்டால் கஞ்சத்தனம் என்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் முதல் மூன்று மணி நேரத்துக்குள் பணம் போகிறது. உடலை எரிக்க ஆகும் செலவு கொஞ்சம். அதைச் சுற்றி நிற்கும் வண்டி, பூ, பெட்டி, பந்தல் இவைதான் செலவு.

முதலில் காகிதம். ஆஸ்பத்திரியில் உயிர் போனால் இறப்புக் காரணச் சான்றைப் படிவம் 4-இல் அவர்களே தருவார்கள், பதிவுக்கான தகவலையும் அவர்களே அனுப்புவார்கள். வீட்டில் போனால் கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் படிவம் 4ஏ தர வேண்டும். இதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. சிக்கல் எங்கே வருமென்றால், ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பார்க்கும் டாக்டர் யார்? பல மாதங்களாகப் பார்க்காத ஆளுக்குக் காரணம் எழுத எந்த டாக்டரும் தயங்குவார். அதனால்தான் தெருமுனை டாக்டரிடம் நாங்கள் இரண்டு பேரும் விடாமல் போய்வருகிறோம். மருந்துச் சீட்டெல்லாம் தேதி வரிசையில் ஃபைலில் இருக்கிறது. வழுக்கி விழுந்தோ விபத்திலோ போனால் கதை வேறு: போலீசுக்குச் சொல்லாமல், பிரேதப் பரிசோதனை முடியாமல் உடலை எடுக்கக்கூடாது. "பேசி முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதே. பின்னால் இன்சூரன்ஸ் அங்கேதான் நிற்கும். ஆஸ்பத்திரி பில் பாக்கி என்று உடலைத் தர மறுக்கவும் கூடாது. நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அது இருக்கிறது. பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு உடலை வாங்கிக்கொள்.

கண்தானத்துக்கு இரண்டு பேருமே எழுதி வைத்திருக்கிறோம். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்தச் சொல். வாய்க்கட்டும் கால்கட்டும் உடனே போட வேண்டும். சில மணி நேரத்தில் விறைப்பு வந்துவிட்டால் பிறகு வாய் மூடாது.

அடுத்தது ஃப்ரீசர் பாக்ஸ். நீ வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் இது எங்கள் வீட்டுக்குக் கட்டாயம். வாடகை நாள் கணக்கு. "ஒரு நாள் என்றால் 24 மணி நேரமா, இன்றைய தேதி முடியும்வரையா?" என்று முதலிலேயே கேள். ராத்திரி 10 மணிக்கு வந்த பெட்டிக்கு மறுநாள் காலையில் இரண்டு நாள் வாடகை எழுதுவது இந்த இடைவெளியில்தான். கொண்டுவரும் கூலியும் திரும்ப எடுக்கும் கூலியும் உள்ளடக்கமா என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். பெட்டிக்குத் தனி பிளக் கொடுக்கச் சொல். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினால் ஒயர் சூடாகி பெட்டி நின்றுவிடும். வருகிறவர்கள் எல்லாரும் மூடியைத் திறந்து திறந்து மூடினாலும் குளிர் நிற்காது; கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். இரண்டு நாளுக்கு மேல் தள்ளுமென்றால் வீட்டுப் பெட்டி சரிப்படாது, ஆஸ்பத்திரி சவக்கிடங்குதான். உடலை விமானத்தில் அனுப்பத்தான் எம்பாமிங் (கெடாமல் இருக்க உடலுக்குள் மருந்து ஏற்றுவது) சான்று கேட்பார்கள். உள்ளூரிலேயே எரிப்பதற்கு அது தேவையில்லாத செலவு.

இனி எங்கே, எப்படி என்பது. மூன்று வழி இருக்கிறது.

கட்டைச் சிதைக்கு 400, 500 கிலோ விறகு வேண்டும். கிலோ 10 ரூபாய் என்று வைத்தாலே 4,000, 5,000 ரூபாய். வறட்டி, வைக்கோல், மூட்டம் போடும் கூலி தனி. விறகைக் குத்துமதிப்பாக ஒரு வண்டி என்று பேசாமல் எடை போட்டு வாங்க வேண்டும். மழைக்காலத்து ஈர விறகு எடையில் ஏறும், எரிவதில் இறங்கும். விடிய விடிய எரிந்து மறுநாள் காலையில்தான் எலும்பு பொறுக்க முடியும்.

மின்மயானத்தில் உலை 800 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். ஆறிய உலையைச் சூடேற்ற நேரம் பிடிக்கும் என்பதால் முதல் உடலுக்குக் காத்திருக்க வேண்டிவரும். சூடேற்றும் மின்கம்பிச் சுருள் எரிந்துபோவதும் உள்ளே பதித்த செங்கல் பெயர்வதும் அடிக்கடி வரும் பழுது. கிளம்பும் முன் "உலை ஓடுகிறதா?" என்று ஒரு போன் செய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

எரிவாயு தகன மேடையில் சில இடங்களில் சிலிண்டர் கேஸ். சில இடங்களில் விறகுத் துண்டுகளைக் குறைந்த காற்றில் புகைய வைத்து, வரும் வாயுவை உலையில் எரிக்கிறார்கள். சிதையைவிட விறகு மிகக் குறைவு, ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அன்றைக்கே அஸ்தி கையில் கிடைக்கும். விறகு ஈரமாக இருந்தால் வாயு சரியாக வராமல் நேரம் இழுக்கும், அது ஒன்றுதான் குறை. எங்கள் இருவருக்கும் இதுவே போதும். பெரியப்பா கட்டைதான் முறை என்பார். இந்தக் கடிதத்தைக் காட்டு.

சென்னை மாநகராட்சி மயானங்களில் தகனம் இலவசம். பெசன்ட் நகரோ கண்ணம்மாபேட்டையோ, ரசீது போடாமல் கையில் கேட்கும் தொகை கட்டணம் ஆகாது. வற்புறுத்தினால் மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் அந்தச் சூட்டில் நின்று வேலை செய்கிறவருக்கு எல்லாம் முடிந்தபின் நீயாக மனசோடு ஏதாவது கொடு. அது வேறு கணக்கு. மற்ற ஊர்களில் பல தகன மேடைகளை அறக்கட்டளைகள் நடத்துகின்றன. அங்கே கட்டணம் உண்டு, ரசீதும் உண்டு.

முதலில் மயானத்தில் நேரம் வாங்கு, பிறகு வண்டிக்குச் சொல், அதற்கப்புறம் சொந்தக்காரர்களுக்கு. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சாயங்காலக் கூட்டத்தில் மயான வாசலில் வண்டிக்கு வெயிட்டிங் சார்ஜ் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். இறந்தவர், கையெழுத்துப் போடுபவர் இருவரின் ஆதார் நகலும் டாக்டர் சான்றும் கையில் இருக்கட்டும். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் 155377-க்கு அழைத்தால் இலவச அமரர் ஊர்தி வரும். தனியார் வண்டி என்றால் தூரம், காத்திருப்பு, பூ அலங்காரம் மூன்றையும் பிரித்து விலை கேள். பூவில்தான் விலை துள்ளும். சொர்க்க ரதம் எங்களுக்கு வேண்டாம், சாதா வண்டியே போதும். இன்னொன்று: ஈமச்சடங்கு, மயானம், சவக்கிடங்கு, உடலை எடுத்துச்செல்வது இவற்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது. "எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம்" என்று மொத்தமாகப் பேசுகிறவர் பில்லில் வரி போட்டால் அதை நீக்கச் சொல்.

அப்பாவின் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பது உனக்குத் தெரியும். அதை எடுக்காமல் உலையில் வைத்தால் பேட்டரி வெடிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. டாக்டர் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம். சான்று எழுதும்போதே ஞாபகப்படுத்து. நகை, மெட்டி எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும்.

கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று பேச்சு வரும். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நீ வந்துவிட்டால் நீயே வை. வர முடியாவிட்டால் மாமா வைக்கட்டும். அதற்காக உடலைப் போட்டுவைக்காதே.

மயான ரசீதைத் தொலைக்காதே. வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதுவும் இறந்த இடத்தில். சொந்த ஊரில் அல்ல. 30 நாள்வரை தாமதக் கட்டணம், அதற்குமேல் மாவட்டப் பதிவாளர் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று அலைச்சல் ஏறிக்கொண்டே போகும். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே எழுத்துக் கூட்டிப் பார். ஒரு எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிலிருந்து பேங்க்வரை உதைக்கும்.

அஸ்தி இரண்டு மூன்று கிலோ இருக்கும். விமானத்தில் கொண்டுபோவதென்றால் உலோகக் கலயம் வேண்டாம், ஸ்கேனில் உள்ளே தெரியாது. இறப்புச் சான்று, தகனச் சான்று நகல்களோடு கைப்பையில் வை.

கோடையில் உன்னிடம் வந்திருக்கும்போதே ஏதாவது ஆகிவிட்டால்? அங்கே இன்னும் தெளிவான சட்டம் இருக்கிறது. 1984 முதல் அமலில் உள்ள ஃபியூனரல் ரூல்படி, போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும், நேரில் போனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலைப்பட்டியலைக் கையில் தர வேண்டும். "டைரக்ட் கிரிமேஷன்" என்று கேள்: பார்வைக்கு வைப்பதும் எம்பாமிங்கும் இல்லாமல் நேராகத் தகனம். அதற்கு விலையுயர்ந்த மரப்பெட்டி கட்டாயம் என்று சொல்லக்கூடாது, அட்டைப்பெட்டி போதும். பார்வைக்கு வைத்துத் தகனம் செய்ய அமெரிக்காவில் 2023-இல் இடைநிலைச் செலவு (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்கு இதற்குக் கீழ்) 6,280 டாலர். டைரக்ட் என்றால் அதில் பெரும்பகுதி மிச்சம். நியூஜெர்சியில் இறந்து 24 மணி நேரம் ஆன பின்தான் தகனம். நாங்கள் எடுத்துவரும் விசிட்டர் இன்சூரன்ஸ் உடலை ஊருக்கு அனுப்பும் செலவைத் தருவதாக இருந்தால், எதையும் முடிவுசெய்யும் முன் அவர்களுக்குப் போன் செய். நீயாக ஏற்பாடு செய்துவிட்டுப் பில் அனுப்பினால் தட்டிக்கழிப்பார்கள். ஆனாலும் உடலை அனுப்பாதே. அங்கேயே எரித்துவிட்டு அஸ்தியைக் கொண்டுவா. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவை.

ஃபைல் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. அதற்குக் கீழ்த்தட்டில் கத்திரிப்பூ நிறச் சுங்குடி ஒன்று, அதைத்தான் எனக்குக் கட்ட வேண்டும். சிந்தெடிக் உலையில் உருகி ஒட்டும், நூல் புடவைதான் சரி. கல்யாணப் பட்டைப் போட்டு எரித்துவிடாதே, அது உனக்கு.

அம்மா