நேரத்துக்குச் சாப்பிடு

அன்பு மகன் குமரனுக்கு,

அம்மா எழுதுவது. பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டதாக அக்கா சொன்னாள். அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் தெரிவி.

இப்போது நீ படிக்கும் இதே எம்.பி.பி.எஸ்.ஸை அக்கா படித்த காலத்தில் போனில் அழாத வாரம் அபூர்வம். பயிற்சி டாக்டராக, அதாவது ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தாழ்ப்பாள் இல்லாத டியூட்டி அறையில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கியதையும், கழிப்பறைக்குத் தனியே போகப் பயந்து இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்ததையும், பெண் பார்க்க வந்தவர்கள் "பி.ஜி. எல்லாம் எதற்கு?" என்று கேட்டதையும் ஒன்றுவிடாமல் என்னிடம் கொட்டித் தீர்த்தாள். மருத்துவம் படிப்பவர்களில் பெண்களுக்கே மன அழுத்தம் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்வதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வினாத்தாளைக் கொடுத்துப் பதில் வாங்கும் ஆய்வுகளாம். அடிக்கடி அழுகை வருகிறதா என்று கேட்டால் உன் அக்கா உள்ளதை எழுதுவாள். நீ "இல்லை" என்று குறித்துவிட்டு எழுந்து போவாய். உன் அப்பாவின் பிள்ளைதானே நீ!

43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரையை அக்கா படித்துக் காட்டினாள். மருத்துவ மாணவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தனவாம். அப்படிப்பட்டவர்களில் சிகிச்சை நாடியவர்கள் நூற்றுக்கு 16 பேர்தானாம். வைத்தியம் படிக்கிற பிள்ளைகளே வைத்தியரிடம் போகத் தயங்கினால் என்ன சொல்வது?

உனக்கு சீட் கிடைத்த அன்று தெருவே நம் வாசலில் நின்றது. அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனாலும் தீபாவளிக்கு வந்தவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருந்ததும், சித்தப்பா கேட்டதற்குக்கூட முகம் கொடுத்துப் பேசாததும், இப்போது நான் அழைத்தால் "டியூட்டி" என்று வைத்துவிடுவதும் நன்றாக இல்லை. மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு இரவு பதினொரு மணிக்கு என்ன டியூட்டி என்று அக்காவிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் உன் விடுதிக்கு வருகிறாள். முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன். மெஸ் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு. என்னிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொல். அவளிடமும் முடியாதென்றால் மனநல ஆலோசனைக்கான அரசின் தொலைபேசி உதவி டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சப்ளிமென்டரி எழுத வேண்டியிருந்தால் பணம் கட்டும் கடைசித் தேதியை மட்டும் முன்கூட்டியே அக்காவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா