தம்பிக்கு, ஹூஸ்டனிலிருந்து

அன்புள்ள தம்பி,

செவ்வாய்க்கிழமை போனில் பேசும்போது உன் குரல் நடுவில் உடைந்தது. "ஒண்ணுமில்லப்பா, தூக்கமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய். நானும் "சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். தமிழ் கஷ்டமாக இருந்தால் மெதுவாகப் படி. இதையெல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வராது.

பன்னிரண்டு வயதில் ஃபுட்பால் பயிற்சியில் உனக்குக் காறை எலும்பு முறிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கோச் "எழுந்து நட, ஒன்றுமில்லை" என்றார். காரில் ஏற்றும்போது நீ தேம்பினாய். "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்றேன். உடனே நிறுத்திவிட்டாய். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய், மருத்துவமனை போய்ச் சேரும்வரை ஒரு சத்தம் இல்லை. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. எலும்பு முறிந்த பிள்ளை அழாமல் இருந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் அப்பா எனக்குச் சொன்னது அது. டெக்சாஸும் அதையே சொன்னதால், சரியாகத்தான் வளர்க்கிறோம் என்று நினைத்தேன்.

ஆனால் இந்த நாடு என் கண்ணெதிரே மாறியது. ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரரை உனக்குத் தெரியும், பிக்கப் டிரக்கில் வருவார், மான் வேட்டைக்குப் போவார். திங்கட்கிழமைகளில் நாங்கள் மனைவி பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் காபி எடுக்க எழுந்து போய்விடுவார். ஆணோடு ஆண் உறவு கொள்வது 2003 வரை டெக்சாஸில் குற்றமாக இருந்தது. 1998-ல் நம் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் போலீஸ் புகுந்து இரண்டு பேரைக் கைது செய்த வழக்கில்தான், 2003 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2015-ல் அதே தேதியில், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நாடு முழுக்கத் திருமணமும் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அவர் மேஜையில் ஒரு போட்டோ இருந்தது. கால்வெஸ்டன் கடற்கரையில் தலை நரைத்த இரண்டு பேர், கையில் தூண்டில். "பத்தொன்பது வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம்" என்றார். அதில் பத்து வருஷம் நான் அவரோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட்டிருக்கிறேன். என் முகத்தில் எதைப் பார்த்து அவர் சொல்லாமல் இருந்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

நீ பிறந்த 1996-ல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 27 பேர்தான் அந்தத் திருமணம் சட்டப்படி செல்ல வேண்டும் என்றார்கள். 2023-ல் 71 பேர். இப்போது அது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆண் என்றால் இறுகி நிற்க வேண்டும் என்று பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களும் இணையத்தில் பெருகிவிட்டார்கள். ஆண்கள் தடுமாறுகிறார்கள் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. இந்த நாட்டில் தற்கொலை செய்துகொள்ளும் ஐந்து பேரில் ஏறக்குறைய நான்கு பேர் ஆண்கள். ஆனால் அதற்கு மருந்து இன்னும் வாயை மூடிக்கொள்வது என்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. உனக்கு அந்த மருந்தைக் கொடுத்தவன் நான்.

2018-ல் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது, கூடைப்பந்து வீரர் கெவின் லவ் எழுதியதை என்னிடம் காட்டினாய். ஆட்டத்தின் நடுவில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, களத்தை விட்டு ஓடியதை எழுதியிருந்தார். "கோடி கோடியா சம்பாதிக்கிறவனுக்கு என்ன கவலை" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டேன். நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய், பிறகு மாடிக்குப் போய்விட்டாய். நீ அன்று கெவின் லவ்வைப் பற்றிப் பேச வரவில்லை என்பது இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. மன்னித்துவிடு, தம்பி.

நீ பிறந்தபோது நான் இரண்டு நாள்தான் விடுப்பு எடுத்தேன். ஆண்கள் கழிப்பறையில் டயப்பர் மாற்றப் பலகை இருக்காது என்று சாக்குச் சொல்லி உன்னை எப்போதும் அம்மாவிடமே கொடுத்துவிடுவேன். உங்கள் வாஷிங்டன் மாநிலம் இன்று அப்பாவுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கோடு 12 வாரம் தருகிறது. போன மாதம் சியாட்டில் வந்திருந்தபோது, கடைத்தெருவில் நீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் கழிப்பறைக்குள் போய், சிரிக்கிற பிள்ளையோடு வெளியே வந்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவும் செய்கிற நீ அழுகையை மட்டும் என்னைப் போலவே விழுங்குகிறாய்.

பிள்ளை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். டாக்டரைப் பார். உன் மனைவியிடம் மறைக்காதே, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். இரண்டு வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிப் பால் என் பொறுப்பு, நீ தூங்கு. டயப்பர் மாற்ற எனக்குச் சொல்லிக்கொடு.

அப்பா