அக்காவுக்கு, புதன்கிழமைக்கு முன்னால்

அக்கா,

வீட்டை விற்கிற அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பியிருந்தாய். கவரை இரண்டு தடவை கவிழ்த்து உதறிப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டாவது விழும் என்று. வாட்ஸப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் ஒற்றை டிக்தான் நிற்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இந்த இடத்தில் எழுதுகிறேன். சித்தி எப்படியும் உனக்கு அனுப்பி வைப்பாள், கூடவே இன்னும் பத்துப் பேருக்கும். ஆகவே சிலதைத் தொட்டும் தொடாமலும்தான் சொல்ல முடியும். விலையை எழுதப்போவதில்லை. பெரியப்பா வீட்டில் கேட்டால் நீயும் சொல்லாதே.

திவசத்தன்று நீ பார்த்தது பளபளவென்று துடைத்து வைத்த கூடத்தை. அதற்கு முந்தைய ஒரு மாதத்தை நீ பார்க்கவில்லை.

அதுவரைக்கும் புரோக்கர் பத்து பார்ட்டிகளைக் கூட்டிவந்திருந்தார். அரைமணி முன்னால் போன் வரும். சில நாள் தெருமுனையில் நின்றுகொண்டே பேசுவார். "குழந்தைத் துணி எதுவும் முற்றத்துல தொங்க வேண்டாம்மா, ஈரத்தைப் பார்த்தா சுவத்துல ஓதம்னு நினைச்சுக்குவாங்க." கொடியில் கிடக்கிற பதினைந்து இடுப்புத் துணிகளையும் பாதி ஈரத்தோடு உருவிப் பத்தாயத்துக்குள் போடுவேன். பத்தாயத்தில் நெல் இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். என் காலத்தில் அதில் மூத்திரத் துணிதான். அப்புறம் பால் புளித்த வாடை போவதற்கு சாம்பிராணி. புகைக்குப் பாப்பா தும்முவாள். காவித் தரையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால்தான் அந்தச் சிவப்பு எழும்பும் என்பாள் அம்மா. துடைத்தேன். தவழ்கிறவளுக்கு முட்டி வழுக்கி, மோவாய் தரையில் இடித்தது. பார்ட்டி உள்ளே நுழையும்போது அவள் அழுகை, என் அழுகை, நடுவில் புரோக்கர், "நல்ல காத்தோட்டம் சார்" என்று.

ஜன்னல் கம்பிகளுக்கு அப்பா அடித்த பச்சை எனாமல் ஞாபகம் இருக்கிறதா, நீ பத்தாவது படிக்கும்போது? பொரிந்து செதில் செதிலாக நின்றது. சுரண்டாமல் மேலே அடித்தால் பிடிக்காது என்றார் பெயிண்டர். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 கடைசியில்தான். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தூசியில் எப்படி இருப்பது? நான்கு நாள் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒவ்வொரு அறையையும் மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் அவளை இறக்கினேன். அந்த நான்கு நாளும் நீ போன் பண்ணவில்லை. சரி, விடு.

திவசத்தன்றைக்கா பார்ட்டியை வரச் சொல்வாய் என்று கேட்டாய். நான் வரச் சொல்லவில்லை. அவர்கள் திருச்சியிலிருந்து வருகிறவர்கள், அன்றைக்குத்தான் முடியும் என்றார்கள். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இலை எடுத்து, வந்தவர்கள் கிளம்பி, மணி இரண்டு இருக்கும். நீ கிணற்றடியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாய். துணி துவைக்கும் கல்லிலிருந்து முருங்கை மரம் வரைக்கும், திரும்ப முருங்கை மரத்திலிருந்து கல் வரைக்கும். அம்மா முணுமுணுக்கிற அதே மெட்டு, வார்த்தை இல்லாமல். பாப்பாவின் மூக்கு உன் கழுத்தில் அழுந்தியிருந்தது. ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி திறந்திருந்தது. நான் அடுப்படி நிலைப்படியில் நின்று பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன், அது உனக்குத் தெரியாது. அப்புறம் போன் அடித்தது. பார்ட்டி பாபநாசத்தைத் தாண்டிவிட்டார்களாம். நான் வந்து அவளை வாங்கிக்கொண்டே சொன்னேன்: "தூக்கியே பழக்காதேக்கா. நாளைக்கு நீ போயிடுவ, அப்புறம் நான்தான் படணும்."

நீ ஒன்றும் சொல்லவில்லை. அவளை நான் எடுத்த பிறகும் உன் இடது கை வளைந்தது வளைந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது, எடுத்ததே அதற்குத் தெரியாத மாதிரி. அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். இரவு உழவன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் வைத்திருந்தவள், மத்தியான வெயிலில் பஸ் ஏறப் போனாய்.

அந்த அர்த்தத்தில் நான் சொல்லவில்லை. எந்த அர்த்தத்தில் என்று இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் கல்யாண வீடுகளில் உன்னை நிறுத்தி வைத்து விசாரித்தவர்கள்.

கைக்குழந்தைக்காரி எவளும் ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிற பேச்சுதான் அது. என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், எதிர்வீட்டு மாமியிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்களிடம் சொல்வதும் உன்னிடம் சொல்வதும் ஒன்றில்லை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் மறந்துபோனேனா, இல்லை பார்ட்டி வருகிற பதற்றத்தில் போனால் போகட்டும் என்று வாயை விட்டேனா, எனக்கே இன்னும் விளங்கவில்லை. மன்னித்துக்கொள் அக்கா.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. மறுநாளே ஊர் முழுக்க, வீட்டை விற்கிற அவசரத்தில் தங்கச்சி அக்காவைத் துரத்திவிட்டாள் என்று பேச்சு. அதை நீ ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன், வீட்டை நீயே வைத்துக்கொள்ளேன் என்றாய். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 40,000 ரூபாயைத் தாண்டாது, வெளியாளுக்கு விற்றால் 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவு என்று கணக்கும் சொன்னாய். கணக்கு சரி. உன் பாதிக்கு உண்டான பணத்தை நான் எங்கே போய்ப் புரட்டுவது? வேண்டாம் என்று நீ சொல்வாய். இன்றைக்குச் சொல்வாய். மாமா என்ன சொல்வார் என்று நான் இங்கே எழுதவில்லை.

2028 மகாமகத்துக்கு எல்லோரும் எங்கே தங்குவார்கள் என்று கேட்டாயே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2016 மகாமகத்துக்கு இந்த வீட்டில் நாற்பது பேர் படுத்திருந்தார்கள். கக்கூஸ் அடைத்துக்கொண்டபோது வாளியோடு நின்றது நானும் அம்மாவும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குளத்தில் முங்க வருகிறவர்களுக்காக நான் வருஷா வருஷம் ஓடு மாற்றிக்கொண்டிருக்க வேண்டுமா?

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளைத் தூளியில் போட்டேன். அம்மா துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போன அந்த மாம்பழக்கலர் சுங்குடி. வந்தவர்களில் ஒரு வயசான அம்மா நேரே தூளியிடம் போய், புடவையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "சுங்குடியா?" என்றார். அப்புறம் தன் பிள்ளையைப் பார்த்து, "புள்ள தூங்குது, சத்தம் போடாதீங்கடா" என்றார். அவ்வளவுதான். நாலு ஆம்பளைகளும் செருப்பில்லாத காலை மெல்ல மெல்ல வைத்து, குசுகுசுவென்று பேசிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தரும் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. (ஓதம் இருப்பதை அப்புறம் நானே சொல்லிவிட்டேன். அவர்களும் இதைப் படிக்கலாம்.) போகும்போது அந்த அம்மா உத்திரத்தைக் காட்டி, கொக்கியைக் கழற்ற வேண்டாம், இருக்கட்டும் என்றார். மறுநாள் அட்வான்ஸ் வந்தது.

முக்கால் மணி நேரம் அவள் அசையவே இல்லை. மற்றப் பத்து பார்ட்டிகளுக்கும் வீறிட்டுக் கத்தியவள். கிணற்றடியில் நீ நடந்த நடைதான். வீடு விலைபோனதில் உன் கையும் இருக்கிறது, உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

சுங்குடியை இப்போது தர முடியாது. இன்னும் ஆறு மாதமாவது தூளி கட்ட வேண்டும்.

புதன்கிழமை 11 மணிக்குப் பத்திரப்பதிவு ஆபீசில் டோக்கன். 12 மணிக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பார்ட்டி கறாராக இருக்கிறார்கள். ஆதார் ஒரிஜினலும் பான் கார்டும் எடுத்து வா. இவருக்கு லீவு இல்லை. நான் போட்டோவுக்கு உட்கார்ந்து, கைரேகை வைத்து, கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கிற வரைக்கும் அவளை யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும். இறக்கினால் அழுவாள். அதைப் பற்றிக் கவலைப்படாதே.