செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வீட்டு இன்குபேட்டரில் குஞ்சு பொரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சங்க நிர்வாகக் குழுவினருக்கும், பெங்களூரின் அல்சூர், ஸ்ரீராமபுரம், கே.ஆர்.புரம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை பொரிப்பைப் பற்றியது மட்டும்.

உறுப்பினர்கள் தந்த குறிப்பேடுகளைப் பார்த்தால், கூமுட்டையால் போனது குறைவு. முழுசாக வளர்ந்து, 18-ம் நாளுக்குப் பிறகு ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகள்தான் அதிகம். எல்லோரும் சூட்டைத்தான் குறை சொல்கிறார்கள். குழுவின் கணிப்பில் பெரும்பாலும் ஈரப்பதமே காரணம்.

பெங்களூரில் மார்ச் மாதப் பிற்பகலில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் வரை இறங்கிவிடும். அதே காற்று இன்குபேட்டர் பெட்டிக்குள் 37.7 டிகிரிக்குச் சூடானால் 20-க்கும் கீழே போகும். தண்ணீர்த் தட்டு வைக்காவிட்டால் முட்டை வற்றி, உள்தோல் குஞ்சின் மேல் காகிதம்போல் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெளியே 23 டிகிரியில் 85 சதவீதம் இருந்தாலும், சூடான பிறகு உள்ளே 37 சதவீதம்தான் நிற்கும். அதற்கு ஒரு சிறிய தட்டு போதும். கோடையில் வைத்த இரண்டு தட்டுகளையும் ஆகஸ்டிலும் நிரப்பி வைத்தால் முட்டையின் நீர் வெளியேறாது, முட்டைக்குள் இருக்கும் காற்றறை சிறுத்துவிடும். குஞ்சு ஊதிப்போய், மூக்கை நுழைக்க இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகும்.

மலிவு விலை ஈரமானிகள் 10 சதவீதம் வரை தப்பாகக் காட்டும் என்பதால் எடை பார்ப்பதே நம்பகமான வழி. முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதம் இழக்க வேண்டும். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டை என்றால் 7-ம் நாளில் சுமார் 2 கிராமும், 18-ம் நாளில் 5.4 கிராமும் குறைந்திருக்கும். பத்து முட்டையைச் சேர்த்து நிறுத்தால் தராசின் பிழை பெரிதாகத் தெரியாது. அதிகம் குறைந்தால் தட்டைப் பெரிதாக்குங்கள், குறையவில்லை என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். 18-ம் நாளில் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தை 65–70 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். அதன்பின் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு குஞ்சை எடுக்கத் திறந்தால், ஓடு கொத்திக்கொண்டிருக்கும் மற்றவற்றின் தோல் காய்ந்து இறுகிவிடும். வயிற்றுக்குள் மஞ்சள்கரு இருப்பதால் பொரித்த குஞ்சு ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

எஸ்.பி. ரோட்டில் பாகம் வாங்கித் தெர்மோகோல் பெட்டி செய்கிறவர்களுக்கு: டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட் போர்டு (சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) கடையிலிருந்து வரும்போது அதில் பி1 என்ற அமைப்பின் அளவு 2 டிகிரியாக இருக்கும். அப்படியே விட்டால் சூடு 2 டிகிரி ஏறி இறங்கும். அதை 0.3-க்கு மாற்றுங்கள். சென்சாரைப் பல்புக்குப் பக்கத்தில் ஒட்டாமல் முட்டையின் உயரத்தில் தொங்கவிட வேண்டும். காட்டும் எண் சரியா என்று காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை அதே போர்டின் பி4 அமைப்பில் திருத்தலாம். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8 வரை. விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி.

மின்வெட்டுக்குப் பதறுகிறவர்கள் அதிகம். தாய்க்கோழியும் இரை தின்ன எழுந்து போகிறது. ஒன்றிரண்டு மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தாங்காதது சூடு. 40 டிகிரி தாண்டிச் சில மணி நேரம் நின்றால் மொத்தமும் போய்விடும். பெட்டியை வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாதபோது போர்வை போர்த்தலாம், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள்.

முட்டை பற்றி. கடை லேயர் முட்டை பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது. (ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வி வருகிறது.) ஹெப்பால் கால்நடைக் கல்லூரி உருவாக்கிய கிரிராஜா கோழி கலப்பினம் என்பதால், அதன் முட்டையைப் பொரித்தால் அதே வளர்ச்சி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. சேர்த்து வைக்கும் முட்டை ஏழு நாளைத் தாண்ட வேண்டாம், கூர்முனை கீழே இருக்கட்டும், கழுவ வேண்டாம். ஊரிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையை ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகே அடுக்குங்கள்.

பொரித்த குஞ்சுகளுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்குள் ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்) நோய்த் தடுப்புக் கண் சொட்டு மருந்து போட வேண்டும். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான டோஸ் இருக்கும், கரைத்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். ஆகவே பக்கத்துப் பக்கத்து உறுப்பினர்கள் ஒரே வாரத்தில் பொரிக்கும்படி முட்டை அடுக்கும் தேதியைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லவும்.

சேவல் விஷயம். பொரிப்பதில் பாதி சேவல்தான். மூன்று நான்கு மாதத்தில் கூவ ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தாரின் புகார் வருகிறது. சேவலை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யாதவர்களுக்கு வரும் ஆண்டு முதல் சங்கத்தின் பொதுப் பெட்டியை இரவல் தருவதில்லை என்ற தீர்மானத்தைக் குழு முன்வைக்கிறது. உறுப்பினர்கள் விவாதித்து ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்